ஆயர் ஈத்தாமில் அரிசிக் கோல வகுப்பும் கூட்டுக் கோலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குக் கொடிமலையின் அடிவாரத்தில், மலை ரயில் ஏறும் இடத்துக்குக் கீழே இருக்கிறது ஆயர் ஈத்தாம். இங்கே தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் வார இறுதிக் கலை வகுப்பு நடத்த நினைப்பவர்களுக்கும், அதில் சேர நினைப்பவர்களுக்கும் எழும் கேள்விகளை இந்தப் பக்கத்தில் தொகுத்திருக்கிறோம். பாதிக்கு மேல், சாயமேற்றிய அரிசி மணியால் பலர் சேர்ந்து போடும் அரிசிக் கோலம் பற்றியவை. தோரணமும் அகல் விளக்கும் கடைசியில் வருகின்றன.

எனக்குக் கோலமே போட வராது. சேரலாமா?

சேரலாம். கை நடுக்கம் ஒரு தடையே இல்லை. அரிசிக் கோலத்தில் கோடு பிசகினால் அட்டையால் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். மாவில் அது முடியாது.

முதல் வகுப்பில் அரிசியைத் தொடவே விட மாட்டார்கள், புள்ளிதான் வைக்கச் சொல்வார்கள். நேர்ப்புள்ளி (புள்ளிக்கு நேர் கீழே புள்ளி) 7-இல் தொடங்கி இரண்டு பக்கமும் 5, 3, 1 என்று குறைந்தால் மொத்தம் 25 புள்ளி. ஊடுபுள்ளி (இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி) 7-இல் தொடங்கி 4 வரை குறைத்தால் 37. இந்த இரண்டும் கைக்கு வந்தால் போதும், 15 புள்ளி ஊடுபுள்ளி 8 வரை என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைக்க மாட்டீர்கள். அதில் 169 புள்ளி. போட்டு முடித்தபின் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றி வளையும் கம்பி எங்கேயோ முட்டி நிற்கும், எங்கே தவறியது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

மாவுக் கோலத்துக்குப் புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் இடைவெளி சரி. அரிசிக்கு 10 சென்டிமீட்டராவது விட வேண்டும். அதைவிட நெருக்கினால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நிறம் நிரப்ப இடமிருக்காது.

மாவு இருக்க அரிசி எதற்கு?

மலேசியாவில் பெரிய கோலங்களைப் பெரும்பாலும் பேரங்காடித் தளத்திலும் மண்டபத்திலும்தான் போடுகிறார்கள். அங்கே குளிர்சாதனக் காற்றும் ஆள் நடமாட்டமும் அதிகம். மாவு பறந்துவிடும், அரிசி நகராது. தவிர, மேல் மாடியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கும் நிறம் அழுத்தமாகத் தெரியும். வாசலில் தினமும் போடும் கோலத்துக்கு மாவுதான் பொருத்தம், அதை மாற்ற வேண்டியதில்லை.

எந்த அரிசி வாங்குவது?

மலிவான உள்ளூர் வெள்ளைப் பச்சரிசி. அதிலும் நொய் கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் ‘பெராஸ் ஹன்சூர்’ என்று கேளுங்கள். மணி சிறியதாக இருப்பதால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வரும். பாஸ்மதி நீளமானது, வளைவுகளில் துருத்திக்கொண்டு நிற்கும். புழுங்கலரிசி இயல்பிலேயே மஞ்சள் கலந்தது என்பதால் நீலமும் ரோஜா நிறமும் அதில் மங்கிப்போகும்.

புலுட் எனும் ஒட்டரிசி பால் வெள்ளை. சாயம் ஏற்றாத வெள்ளைப் பகுதிகளுக்கு அதைவிட எடுப்பானது இல்லை. சாதாரணப் பச்சரிசி கண்ணாடிபோல் இருப்பதால், கறுப்புத் தளத்தின்மேல் கொட்டினால் சாம்பல் நிறமாகத் தெரியும். ஆனால் விலை கூடுதல், ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்கு மட்டும் 2, 3 கிலோ வாங்கினால் போதும்.

எவ்வளவு தேவைப்படும்?

தளம் தெரியாமல் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நிரப்ப, ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோ என்று கணக்கு வையுங்கள். 3 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 7 சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம், ஆகவே 28 கிலோ. 10 கிலோ மூட்டை மூன்று வாங்கலாம்.

பிரிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். எல்லா நிறத்தையும் சம அளவில் கலந்து வைத்துவிட்டு, பின்னணிக்கு நிறம் போதாமல் நள்ளிரவில் புதிதாகக் கலக்க உட்காருவார்கள். இரண்டாம் முறை கலந்த நிறம் முதல் முறை கலந்ததோடு ஒருபோதும் பொருந்தாது. கோலத்தின் நடுவே தையல் போட்டதுபோல் கோடு தெரியும். பின்னணிக்கும் வெளி வளையத்துக்கும் 12 கிலோவை ஒரே நாளில், ஒரே கலவையில் ஏற்றிவிடுங்கள். இதழ்களின் இரண்டு நிறத்துக்குத் தலா 5 கிலோ, பச்சை 3, வெள்ளை 3, கறுப்பு 2. கறுப்பு குறைவாகத் தோன்றும். வெளிக்கோட்டுக்கு மட்டும்தான் அது, தாராளமாகப் போதும்.

சாயம் ஏற்றும் முறை என்ன?

ஒரு கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி உணவுச் சாயப் பொடி, 30 மில்லிலிட்டர் தண்ணீர், 10 மில்லிலிட்டர் வெள்ளை வினிகர். பொடியை முதலில் தண்ணீரில் முழுவதும் கரைத்து, பிறகு வினிகரைச் சேருங்கள். கரையாத துகள் ஒன்று மிஞ்சினாலும் அரிசியில் கரும்புள்ளி விழும். அழுத்தமான சிவப்புக்குப் பொடியை இரட்டிப்பாக்கலாம், தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

கெட்டியான பிளாஸ்டிக் பையில் 2 கிலோவுக்கு மேல் போடாமல், கரைசலை ஊற்றி, உள்ளே காற்று இருக்கும்படி வாயை முறுக்கிப் பிடித்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பெரிய அளவு என்றால் அகலமான பேசினில் கையுறை போட்டுப் பிசிறலாம். வெள்ளை மணி ஒன்றுகூடத் தெரியக்கூடாது.

போஸ்டர் கலரும் பயன்படும்: கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி வண்ணம், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். நிறம் அரிசியின் மேற்பரப்பில் படிவதால் கையில் அவ்வளவாக ஒட்டாது. உணவுச் சாயமோ விரல் இடுக்கில் இரண்டு நாள் நிற்கும். கறுப்புக்குப் போஸ்டர் கலர்தான் சரி. உணவுச் சாயக் கறுப்பு காய்ந்தபின் நீலமாகவோ ஊதாவாகவோ காட்டிக்கொடுக்கும். வினிகருக்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் அது தீப்பற்றும் பொருள். பக்கத்து அடுக்களையில் அடுப்பு எரியும் மண்டபத்தில் அது வேண்டாம்.

எங்கள் அரிசி கட்டிபிடித்து, புளித்த வாடை வந்துவிட்டது. ஏன்?

காயவில்லை, அவ்வளவுதான். கூட்டுக் கோலம் கெடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு படியில்தான். வடிவத்துக்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள் காய வைக்க ஒரு இரவுகூட ஒதுக்குவதில்லை.

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். பினாங்கில் மழை உச்சத்தில் இருக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. மலையடிவாரத்தில் பிற்பகல் மழை பெய்து ஓய்ந்தாலும் காற்றில் ஈரம் இரவெல்லாம் நிற்கும். இந்த ஈரத்தில் அரிசி மேலே காய்ந்ததுபோல் தோன்றும், மணிக்குள் தண்ணீர் இருக்கும். அதைப் பையில் கட்டினால் உள்ளீரம் வெளியே வந்து, மாவுச்சத்து பசையாகி மணிகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாளில் வாடை, பிறகு பூஞ்சை. வாடை வந்த அரிசியை வெயிலில் போட்டு மீட்கப் பார்க்காதீர்கள். எறிந்துவிட்டுப் புதிதாகக் கலப்பதே நல்லது.

காய வைக்க அரை சென்டிமீட்டருக்கு மேல் கனம் இருக்கக்கூடாது. அப்படியானால் கோலத்துக்கு எவ்வளவு இடமோ, ஏறக்குறைய அதே இடம் காய வைக்கவும் வேண்டும் என்று ஆகிறது. மண்டபத்தை ஒரு நாள் மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆளுக்கு ஒரு நிறம் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் காய வைக்கச் சொல்லலாம். 3 கிலோவுக்கு ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடம் போதும்.

செய்தித்தாளை விரிக்காதீர்கள். மை ஏறும், ஈரத்தில் தாள் கிழிந்து அரிசியோடு கலக்கும். பழைய படுக்கை விரிப்பு நல்லது, ஈரத்தைக் கீழேயும் இழுக்கும். மின்விசிறியைப் பக்கவாட்டில் வைத்து மணிக்கொரு முறை கையால் துழாவிவிடுங்கள். மழை என்று சன்னலையெல்லாம் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் சுழலவிட்டால் அதே ஈரக்காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். குளிர்சாதன அறை இருந்தால் அங்கே போடுங்கள், ஓர் இரவில் வேலை முடிந்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிடி அரிசியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடி, ஒரு மணி நேரம் சன்னல் ஓரம் வையுங்கள். உள்பக்கம் பனி படர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. படரவில்லை என்றால், வெள்ளைத் திசுத்தாளில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டாமல் இருந்தால் கட்டலாம்.

மஞ்சள், சங்குப்பூ, பாண்டான் போன்ற இயற்கை நிறங்களைப் பயன்படுத்தலாமா?

வகுப்புக்கு நல்லது, பெரிய கோலத்துக்குச் சரிப்படாது. மஞ்சள்தூள் நிறம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், சன்னலோரம் போட்ட கோலத்தில் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும், அதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். சங்குப்பூ நீலத்துக்கு வினிகர் ஊற்றிவிடாதீர்கள், புளிப்பு பட்டதும் ஊதாவாகிவிடும். ஒரே பூவில் இரண்டு நிறம் எடுக்க வேண்டுமென்றால் அதையே வசதியாக்கிக்கொள்ளலாம். பாண்டான் சாறு அரிசியில் வெளிர்பச்சைதான் தரும், இலை நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

3 மீட்டர் வட்டத்தைக் கோணாமல் வரைவது எப்படி?

நடுவில் ஒருவர் ஆணியையோ பென்சிலையோ செங்குத்தாகப் பிடிக்க, 1.5 மீட்டர் கயிற்றின் நுனியில் சாக்குக்கட்டியைக் கட்டி இன்னொருவர் சுற்றி வர வேண்டும். ராஃபியா கயிறு வேண்டாம். இழுக்க இழுக்க நீளும், சுற்றி முடிக்கும்போது தொடங்கிய இடத்தைவிட மூன்று விரல் வெளியே போயிருப்பீர்கள். மெல்லிய கம்பியோ, இரண்டு துளையிட்ட மரச் சட்டமோ நீளாது.

ஆறு இதழுக்கு அளவுகோலே வேண்டாம். அதே 1.5 மீட்டரை வட்டத்தின் மேல் அடுத்தடுத்து அளந்து குறித்துக்கொண்டே போனால் ஆறாவது குறி தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். எட்டு இதழுக்கு அடுத்தடுத்த புள்ளிகளின் நேர்த் தூரம் 115 சென்டிமீட்டர் வைக்க வேண்டும். வேறு அளவு வட்டமென்றால், மையத்திலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தை 0.765-ஆல் பெருக்குங்கள்.

எங்கிருந்து நிரப்பத் தொடங்குவது?

நடுவிலிருந்து வெளியே. ஓரத்திலிருந்து தொடங்கியவர் கடைசியில் நடுவில் மாட்டிக்கொண்டு, போட்டதை மிதிக்காமல் வெளியே வர வழி தேடுவார்.

முதலில் கறுப்பரிசியால் வெளிக்கோடு. தடித்த தாளைக் கூம்பாகச் சுற்றி, நுனியை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் அரிசி சீராக விழும். அதைவிடச் சிறியதாக வெட்டினால் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஓரத்தை ஒட்டி ஒரு வரி போட்டுவிட்டு உட்பகுதியைக் குவளையால் கொட்டி, அட்டைத் துண்டால் சமன் செய்யுங்கள். உள்ளங்கையால் தடவினால் மேடுபள்ளம் விழும், மேலே விளக்கு எரிந்தால் நிழலாகத் தெரியும்.

ஓர் இதழுக்குள் அடர்சிவப்பிலிருந்து ரோஜாவுக்கு மெல்ல மாற்ற வேண்டுமா? இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு இரண்டையும் சம அளவில் கலந்த அரிசியைத் தூவுங்கள். விரலால் அங்கேயே குழைத்தால் அழுக்கு நிறம்தான் வரும்.

ஆறு பேர் சேர்ந்தால் அரை நாளில் முடியும். பத்துப் பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்தால் ஒருவர் முழங்கை இன்னொருவர் இதழைக் கலைக்கும், வேலை நீளுமே தவிரக் குறையாது.

முட்டி வலி உள்ள பாட்டிமார்கள் தரையில் உட்கார முடியவில்லை. என்ன வழி?

கோலத்தைப் பலகைகளாகப் பிரித்துவிடுங்கள். 60-க்கு 60 சென்டிமீட்டர் பிளைவுட், ஓரம் முழுக்க ஒரு சென்டிமீட்டர் உயர மரச் சட்டம், மேலே மங்கலான கறுப்பு வண்ணம். ஒரு பலகைக்கு ஒன்றரை கிலோ அரிசி போதும். மேசையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பலாம். 25 பலகைகளை ஐந்துக்கு ஐந்தாக அடுக்கினால் 3 மீட்டர் சதுரக் கோலம் கிடைக்கும். கோடுகள் பலகைக்குப் பலகை சேர வேண்டும், அதனால் எல்லாப் பலகைகளையும் காலியாக அடுக்கி, வடிவத்தை ஒரே தடவையில் வரைந்து, பின்புறம் எண் எழுதிய பிறகே பிரியுங்கள்.

சுவரில் மாட்ட வேண்டுமென்றால் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலக்காமல் ஒரு கட்டத்துக்கு மட்டும் பூசி, அரிசியைத் தூவி அழுத்தி, ஒட்டாததைச் சாய்த்துக் கொட்டுங்கள். பலகை முழுக்க ஒரேயடியாகப் பசை பூசினால் விசிறிக் காற்றில் பாதி காய்ந்துவிடும்.

எத்தனை வயதுப் பிள்ளைகள் வரலாம்?

6 வயதுக்கு மேல். அதற்குக் குறைந்தவர்கள் மூக்கிலும் காதிலும் அரிசியைப் போட்டுக்கொள்வார்கள். இதை மிகையென்று நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சாக்குக்கட்டிக் கோலம் தனி மூலையில் வைத்தால் அம்மாக்களும் நிம்மதியாக வேலை செய்வார்கள்.

எந்த வடிவம் நல்லது? சாமி உருவம் போடலாமா?

தரையில் சாமி உருவம் வேண்டாம். கால் படும், கடைசியில் துடைப்பத்தால் கூட்டவும் வேண்டியிருக்கும். அதைப் பார்த்து மனம் வருந்தும் பெரியவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். தாமரை, மயில், மாங்காய் வடிவம் எல்லோருக்கும் உகந்தவை. மலாய், சீன அண்டை வீட்டார் வந்து கலந்துகொள்ளும் நிகழ்ச்சியில் அவர்களுக்கும் தயக்கம் இருக்காது. தேநீர் வேளைக்குச் சைவப் பலகாரமாக வைத்து, முட்டையும் தவிர்த்துவிட்டால், பெரும்பாலும் எல்லோரும் கைநீட்டி எடுப்பார்கள். பலகாரம் எந்தக் கடையில் வாங்கியது என்று முஸ்லிம் அன்பர்கள் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே போடலாம்? அனுமதி தேவையா?

பாலாய் ராயா எனும் சமூக மண்டபம், கோயில் மண்டபம், பள்ளி மண்டபம் என்றால் பொறுப்பாளரின் சம்மதம் போதும், ஆனால் தேதியோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொது நடைபாதை, சாலை, பூங்கா என்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் போட ஆசைப்படுபவர்கள் கவனிக்க: அந்தப் பகுதி 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளத்தில் அடங்கியது. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் சுட்ட களிமண் ஓடுகள் பதித்திருந்தால் அவை சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. நேரடியாகத் தரையில் போடாமல் கறுப்பு வினைல் விரிப்பின்மேல் போடுங்கள். நடந்து போகவும் வழி விடுங்கள்.

வழவழப்பான ஓட்டுத் தரையில் சிதறிய நாலு அரிசி மணி போதும் ஒருவர் வழுக்கி விழ. கோலத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, கையில் துடைப்பத்தோடு ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள்.

இரவில் எலி, மைனா வந்து கலைத்துவிடுகின்றன.

திறந்த மண்டபத்தில் இது நடக்கும். கொசுவலையை நாற்காலிகளின்மேல் கூடாரமாகக் கட்டினால் மைனாவும் பூனையும் வராது. எலிக்கு வலை தடையல்ல. மண்டபத்தில் சாப்பாட்டு மிச்சமோ குப்பைத்தொட்டியோ இரவில் இருக்கக்கூடாது, அவைதான் எலியை அழைத்து வருகின்றன. மருந்து எதையும் அரிசியில் கலக்காதீர்கள். பிள்ளைகள் கை வைப்பார்கள்.

கோலம் தவிர வேறு என்ன வகுப்பு நடத்தலாம்?

குருத்தோலைத் தோரணம் நன்றாக எடுபடும். கெத்துப்பாட் சோற்றுக்கு ஓலைக் கூடு பின்னத் தெரிந்த மலாய் அம்மாவுக்குத் தென்னங்குருத்து பழகிய பொருள். அவர் கூடு பின்னுவதையும், நம் அக்கா கிளி மடிப்பதையும் ஒரே மேசையில் வைத்தால் வகுப்பு தானே நடக்கும். ஓலையை அன்று காலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். விசிறிக்கடியில் விட்டால் மதியத்துக்குள் சுருண்டுவிடும், மடித்தால் பிளக்கும். ஈர்க்கை உருவியபின் ஆளுக்குப் பத்து ஓலைத் துண்டுகள் என்று கணக்கிடுங்கள். முதல் மூன்று கிழிந்தே தீரும்.

அகல் விளக்கில் வண்ணம் தீட்டுவதில் ஒரு குறிப்பு மட்டும். சுடுமண் எண்ணெயை உறிஞ்சும் என்பதால் அகலை முதல் நாள் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது வழக்கம். வண்ணம் தீட்டுவதென்றால் ஊறவைத்த அகலை முழுக்கக் காய வைத்த பிறகே அக்ரிலிக்கைத் தொடுங்கள், ஈரத்தின்மேல் தீட்டினால் ஏடு ஏடாக உரியும். வெளிப்புறம் மட்டும் தீட்டுங்கள். திரி நீளும் மூக்கிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள், அங்கே வண்ணம் கருகி நாறும்.

உண்ணும் அரிசியை இப்படிக் கொட்டுவது பாவமில்லையா? முடிந்தபின் என்ன செய்வது?

நியாயமான கேள்வி, ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். கேட்பவரைச் சமாதானப்படுத்த முயல்வதைவிட, அரிசியை மறுபடி பயன்படுத்துவது நல்லது. அப்போது 30 கிலோ ஒரு முறை வாங்குவதோடு சரி, அடுத்தடுத்த ஆண்டுகளில் குறைந்த நிறத்துக்கு மட்டும் கொஞ்சம் சேர்ப்பீர்கள்.

அதற்குக் கலைக்கும் முறை முக்கியம். எல்லோரும் சேர்ந்து துடைப்பத்தால் கூட்டினால் நிமிடத்தில் எல்லா நிறமும் கலந்துவிடும். வெளி வளையத்திலிருந்து உள்நோக்கி, ஒரு நிறத்தை அட்டையால் குவித்து முறத்தில் அள்ளிய பிறகே அடுத்த நிறத்துக்குப் போங்கள். ஓரங்களில் கலந்ததைத் தனிப் பையில் போட்டு அடுத்த வகுப்பில் பிள்ளைகளின் ஒட்டுப்படத்துக்குக் கொடுக்கலாம்.

அள்ளியதைச் சல்லடையில் சலித்துத் தூசி நீக்கி, இன்னொரு முறை விசிறிக்கடியில் காய வைத்து, இறுக மூடும் டப்பாவில் காய்ந்த வேப்பிலையோடு போடுங்கள். வண்டு விழுந்தால் டப்பாவை இரண்டு மூன்று நாள் உறைபெட்டியில் வைத்தால் சாகும். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள், குளிர் தணிந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் அரிசியில் படியும்.

மாவுக் கோலம் எறும்புக்கு உணவு என்பதை நினைத்துக்கொண்டு சாயமேற்றிய அரிசியைப் புறாவுக்கோ கோழிக்கோ போடாதீர்கள், போஸ்டர் கலர் தின்னும் பொருளல்ல. கால்வாயிலும் கழுவுத்தொட்டியிலும் கொட்டாதீர்கள். அரிசி உப்பி அடைத்துக்கொண்டால் குழாய்க்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் அடுத்த ஆண்டுக்கு இரண்டு மூட்டை வாங்கிவிடலாம்.